84 கிலோ மிதியா, 44 கிலோ மிதியா? அண்ணன் கழற்றிய பூஸ்டரும் அண்ணியின் எடை மெஷினும்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் எந்த வளைவு என்று இப்போது எனக்கு நினைவில்லை. இறங்கும்போது பாதி மலை தாண்டியிருந்தோம். எனக்கு அப்போது பத்து வயசு. பின் சீட்டில், மடியில் அன்னாசிப்பழப் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

"இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்" என்று அப்பா இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு, நியூட்ரலில் காரை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் நிறைய அப்பாக்கள் இதைச் செய்தார்கள். இப்போதும் செய்கிறார்கள். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்த வளைவிலும் பிடித்தது. மூன்றாவது முறை மிதித்தபோது பெடல் கல்லாகிவிட்டது. அப்பா சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். "என்னங்க... என்னங்க..." என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சாவியைத் திருப்பி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஸ்டார்ட் ஆனது. பெடல் உடனே மெத்தென்று இறங்கியது. அடிவாரம் வரை யாரும் பேசவில்லை.

"அன்னைக்கு பிரேக் ஃபெயிலியர் ஆகிடுச்சு" என்றுதான் அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் ஃபெயிலியர் ஆகவே இல்லை என்பது எனக்கே போன மாதம்தான் புரிந்தது. புரியவைத்தது டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் பெரியப்பா பையன். அவர் செய்த காரியம் அப்படி. அன்றைக்கு அப்பாவை விட்டு ஓடிப்போன அதே உதவியை, அண்ணன் தன் காரிலிருந்து வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டார்.

தோசைக்கல் அளவில் ஒரு டப்பா

அண்ணனிடம் இருப்பது 1970 மாடல் செவ்ரோலே ஷெவல். இரண்டு கதவு, நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர் இன்ஜின். அந்த ஊரில் இதை 'மசில் கார்' என்கிறார்கள். வார நாளில் ஆபீஸுக்குப் போக வேறு கார் இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை கார்.

நம் கார்களில் பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம், இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் தகடு மீது தோசைக்கல் அளவில் ஒரு கறுப்பு வட்ட டப்பா இருக்கும். அதுதான் பிரேக் பூஸ்டர். அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பது மாஸ்டர் சிலிண்டர். அதன் தலையில்தான் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா.

பூஸ்டருக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு ரப்பர் திரை, அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் இல்லையா, அந்த உறிஞ்சலை ஒரு ஹோஸ் வழியாக இந்த டப்பாவுக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் திரைக்கு இரண்டு பக்கமும் காற்று குறைவாக இருக்கும். நாம் பெடலை மிதித்ததும் ஒரு சின்ன வால்வு திறந்து, நம் பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றுதான் திரையைத் தள்ளுகிறது. நம் கால் 'தள்ளு' என்று சொல்ல மட்டுமே செய்கிறது.

எவ்வளவு தள்ளும்? அண்ணன் வீடியோ காலில் பேப்பரில் போட்டுக் காட்டினார். திரையின் குறுக்களவு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 314 சதுர செ.மீ. நல்ல இன்ஜின் ஐடிலில் ஓடும்போது உறிஞ்சல், மெக்கானிக் மீட்டரில் 18 முதல் 20 அங்குல பாதரசம் காட்டும். 20 என்றால் ஒரு சதுர செ.மீட்டருக்குச் சுமார் 0.69 கிலோ. பெருக்கினால் 215 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூன்று பெரிய ஆட்கள் சேர்ந்து பெடலை அழுத்துகிற மாதிரி.

இன்ஜினை நிறுத்தினால் அந்த மூன்று பேரும் உடனே போய்விட மாட்டார்கள். ஹோஸில் ஒருவழி வால்வு இருப்பதால், டப்பாவுக்குள் இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான இருப்பு இருக்கும். அது தீர்ந்ததும் கல். கொல்லிமலையின் மூன்றாவது வளைவு இதுதான்.

அப்புறம் ஏன் கழற்றுகிறார்கள்?

எனக்கும் அதே கேள்விதான். "ஏண்ணா, நல்லா இருக்கறதை எதுக்கு எடுக்கணும்?" என்றேன்.

"நல்லா இல்லைம்மா, அதான் பிரச்னை" என்றார்.

அவருக்கு முன்னால் காரை வைத்திருந்த ஆள் இன்ஜினில் ரேஸுக்கான கேம் ஷாஃப்ட் மாட்டியிருந்தாராம். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. ரேஸ் கேம், வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரமும் கூடும். வேகமாகப் போகும்போது அதனால் லாபம். ஐடிலில் இன்ஜின் 'தடக்... தடக்...' என்று குதிரை மாதிரி குலுங்கும். மசில் கார் பிரியர்களுக்கு அந்தச் சத்தம் சங்கீதம். ஆனால் உறிஞ்சல் போய்விடும். அண்ணன் காரில் ஐடிலில் மீட்டர் காட்டியது 8.

8 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் அதே டப்பா 87 கிலோதான் தள்ளும். இதில் விபரீதம் என்னவென்றால், அது எல்லா நேரமும் 87 இல்லை. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் உறிஞ்சல் ஏறிவிடும், பிரேக் மென்மையாகப் பிடிக்கும். சிக்னலில் நகர்ந்து நகர்ந்து போகும்போதும், பார்க்கிங்கில் திருப்பும்போதும் திடீரென்று பெடல் இறுகும். ஒரே கார், ஒரே கால், ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு பதில். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு ஒரு முழம் முன்னால்தான் கார் நின்றதாம். அன்று இரவே முடிவு செய்துவிட்டார்.

மற்ற வழிகளும் இருக்கின்றன. பழைய கேம் ஷாஃப்டையே மாட்டலாம். கரண்டில் ஓடும் வேக்குவம் பம்ப் வைக்கலாம். பவர் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பூஸ்டரும் உண்டு. பெரிய இன்ஜின் வைத்து இடம் போதாமல் பூஸ்டரைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு 'எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு பிடிக்கணும்' என்ற ஆசை. அது எனக்குப் புரிகிறது. என் கருத்தைக் கேட்டால், தினசரி ஓட்டும் காராக இருந்தால் நான் பம்ப் வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஒரு குட்டித் தகவல். அமெரிக்காவில் 1920-களில் கார்களுக்கு வேக்குவம் பூஸ்டரைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கேலப் பிராக். அவர் ஒரு ரேஸ் டிரைவர்! ரேஸ்காரர் மாட்டியதை ரேஸ் ஆசையில் கழற்றுகிறார்கள்.

மூணு மில்லிமீட்டர்தானே?

சரி, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரை நேராகத் தகட்டில் மாட்டினால் வேலை முடிந்ததா? இங்கேதான் ஆபத்தே. மூன்று ஆட்களின் வேலையை நிறுத்தினால், அந்தப் பலத்தை வேறு இடத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும். எடுக்க இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன. ஒன்று பெடல், இன்னொன்று மாஸ்டர் சிலிண்டர்.

பெடல் என்பது கடப்பாரை மாதிரி ஒரு நெம்புகோல். மேலே ஒரு அச்சு, கீழே நம் கால், நடுவில் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி. பூஸ்டர் உள்ள கார்களில் இந்தப் பெருக்கம் சுமார் 4 மடங்கு. பூஸ்டர் இல்லாத கார்களுக்கு 6 மடங்கு வேண்டும். கம்பியை அச்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் பெருக்கம் கூடும். ஷெவல் மாதிரி கார்கள் புதிதாக வந்தபோது பூஸ்டர் என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வசதி. அதனால் பெடலிலேயே ஒரு அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் உண்டு. கீழ்த் துளை பூஸ்டருக்கு, மேல் துளை பூஸ்டர் இல்லாததற்கு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு இன்ஜினீயர் அண்ணனுக்காகப் போட்டு வைத்த துளை!

அடுத்து மாஸ்டர் சிலிண்டர். பூஸ்டரோடு இருந்ததன் உள்விட்டம் 28.6 மி.மீ. புதிதாக வாங்கியது 25.4 மி.மீ. மூணு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன பெரிசு என்று நானும் கேட்டேன். ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஒல்லி சிரிஞ்சைத் தள்ளுவது சுலபம், தடி சிரிஞ்சைத் தள்ளுவது கஷ்டம். அதே விரல், ஆனால் ஒல்லி சிரிஞ்சில் அழுத்தம் அதிகம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நல்ல பூஸ்டரோடு, கால் 30 கிலோ மிதித்தால் பிரேக் லைனில் வரும் அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 52 கிலோ. அவசரமாக நிறுத்துவதற்கு இந்த அளவு வேண்டும் என்று வையுங்கள். பூஸ்டரை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அதே 52 வருவதற்குக் கால் 84 கிலோ மிதிக்க வேண்டும். மேல் துளையும் 25.4 மி.மீ. சிலிண்டரும் சேர்ந்தால் 44 கிலோ போதும்.

84-க்கும் 44-க்கும் நடுவில் இருப்பது கார் நிற்பதும் நிற்காததும்.

'அப்படியானால் இன்னும் ஒல்லியான சிலிண்டர் போடலாமே?' என்று கணக்கு டீச்சர் யாராவது கேட்பீர்கள். போடலாம். 22.2 மி.மீ. போட்டால் 34 கிலோ போதும். ஆனால் ஒல்லி சிரிஞ்சில் மருந்து கொஞ்சம்தானே இருக்கும்? அதே அளவு ஆயிலைத் தள்ள நீளமாகத் தள்ள வேண்டும். 25.4 மி.மீ. சிலிண்டருக்கே பெடல் முன்பு போல இரண்டு மடங்கு தூரம் உள்ளே போகிறது. 22.2 என்றால் இரண்டரை மடங்கு. பிரேக் முழுசாகப் பிடிப்பதற்குள் பெடல் தரையில் முட்டினால் என்ன செய்வது?

நம் தாத்தா காலத்து அம்பாசடர், பத்மினியெல்லாம் பூஸ்டர் இல்லாமல்தானே ஓடின? ஓடின. அவற்றில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் இருக்கும் ஷூ, சக்கரம் சுற்றும் வேகத்திலேயே இன்னும் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு மாதிரி. டிஸ்க் பிரேக்குக்கு அந்தக் குணம் கிடையாது, கொடுத்த அழுத்தத்துக்குத்தான் பிடிக்கும். அண்ணன் காரில் முன் சக்கரங்கள் டிஸ்க். அதனால்தான் இவ்வளவு கணக்கு.

இரண்டு சனி, ஞாயிறு

வேலையை அண்ணன் தன் வீட்டு கராஜிலேயே செய்தார். பூஸ்டரைக் கழற்றுவது அரை மணி நேரம்தான். பூஸ்டர் போனதும் மாஸ்டர் சிலிண்டர் பின்னால் தள்ளிப் போய்விட்டதால், பழைய இரும்புப் பைப்புகள் எட்டவில்லை. புதிதாக வளைத்து, முனையை விரித்து மாட்டினார். இன்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்த வேக்குவம் துளையை அடைத்தார். ஏர் எடுத்தார். முதல் சனி, ஞாயிறு இதிலேயே போனது.

அடுத்த வாரம் முழுக்க ஒரே ஒரு கம்பியோடு போராட்டம். பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தள்ளுகம்பி. பூஸ்டரோடு வரும் மாஸ்டர் சிலிண்டரில் இந்தக் கம்பி உட்காரும் குழி ஆழமே இருக்காது. பூஸ்டரே கம்பியை நேராகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அது போதும். பூஸ்டர் இல்லாத காரில் அதே சிலிண்டரைப் போட்டால், பெடல் மேலே எழும்பும்போது கம்பி குழியிலிருந்து நழுவிக் கீழே விழலாம். விழுந்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் தொடர்பே இல்லை. 84 கிலோ இல்லை, 840 கிலோ மிதித்தாலும் நிற்காது. அதனால் ஆழமான குழி உள்ள சிலிண்டரும், கழன்று வராமல் பிடித்துக்கொள்ளும் கம்பியும் கட்டாயம்.

கம்பியின் நீளமும் முக்கியம். கொஞ்சம் நீளமாகிவிட்டால், காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது. ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். ஓட ஓட பிரேக் சூடாகி, ஆயில் விரிந்து, தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும். அண்ணன் முதல் முறை வைத்தபோது இதுதான் நடந்தது. தெருவை நாலு சுற்று சுற்றி வந்தபோது முன் சக்கரத்தில் கருகல் வாசனை. மறுபடி கழற்றி, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினார்.

இதெல்லாம் யூடியூப் பார்த்து நம் ஊரில் செய்யலாமா என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். அண்ணன் படித்ததும் வேலை பார்ப்பதும் இதே துறை. நம் ஊரில் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. பூஸ்டர் கெட்டுப்போனால் புது பூஸ்டர் மாட்டுங்கள். "அதைத் தூக்கிட்டு ஓட்டுங்க சார், அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்று யாராவது சொன்னால் அந்த 84-ஐ அவரிடம் சொல்லுங்கள்.

அண்ணியின் கேள்வி

இவ்வளவு கணக்குக்கு நடுவே அண்ணி கேட்ட கேள்விதான் என்னை இந்த வாரம் எழுத வைத்தது. "என்னங்க, உங்க கால் நாப்பத்தி நாலு கிலோ மிதிக்கும். என் கால் மிதிக்குமா?"

அந்த காரை அண்ணியும் ஓட்டுவார். உண்மையில் அண்ணனை விட நன்றாக ஓட்டுவார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. பாத்ரூமிலிருந்து எடை பார்க்கும் மெஷினை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்தார். கார் சீட் உயரத்துக்கு ஒரு நாற்காலி, அது நகராமல் பின்னால் சோபா. அண்ணி உட்கார்ந்து வலது காலால் மெஷினை அழுத்தினார். 57. சிரித்தார். மறுபடி, 53. பத்து தடவை தொடர்ந்து அழுத்தச் சொன்னபோது பத்தாவதில் 41.

"மலையில இறங்கும்போது பத்து தடவை மிதிக்க மாட்டேனா?" என்றார் அண்ணி.

சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளிவிட்டு, முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும்படி உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தாவது மிதியில் 48. காலை நீட்டி எட்டி மிதிப்பதற்கும், மடக்கி வைத்து மிதிப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம். பூஸ்டர் உள்ள காரில் இது தெரியவே தெரியாது. ஆர்வத்தில் நானும் இங்கே அம்மாவை உட்கார வைத்தேன். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு 26. "போதும் விடுடி" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த 26-ஐ வைத்துக்கொண்டு அமெரிக்க அரசின் பிரேக் விதியைப் பாருங்கள். கார்களுக்கான 135-வது விதிப்படி, 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டர் செயலிழந்த நிலையில் அதே கார் 168 மீட்டருக்குள் நின்றால் போதும். அதுவும் கால் 50 கிலோ வரை மிதிக்கும் என்று வைத்துக்கொண்டுதான். அதாவது, பூஸ்டரோடு வடிவமைத்த கார் பூஸ்டர் இல்லாமல் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது விதி எழுதியவர்களுக்கே தெரியும். கொல்லிமலை வளைவில் 168 மீட்டருக்கு எங்கே போவது?

போன ஞாயிறு அப்பாவின் இப்போதைய காரில் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகிவிடும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்கு அடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் விடாமல் வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டீசல் காராக இருந்தால் உறிஞ்சலுக்குத் தனியாக ஒரு பம்ப் இருக்கும், அதுவும் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். சோதனை அதேதான்.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெடல் இறங்கியது. "அன்னைக்கு இதான்ப்பா நடந்தது, பிரேக் ஃபெயிலியர் இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நியூட்ரல்ல உருட்டினா எவ்வளவு மிச்சமாகும்னு நினைச்சே? இருபது ரூபாகூட வராது" என்றார். அவரே கேள்வி கேட்டு, அவரே பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

ஷெவல் இப்போது ஓடுகிறது. காலியான ஒரு பார்க்கிங் மைதானத்தில் அண்ணி முதலில் 20 கி.மீ. வேகத்திலும், அப்புறம் 40, 60 என்று ஏற்றியும் நிறுத்திப் பார்த்திருக்கிறார். சீட்டில் அந்த இரண்டு பல் இடம் அவருக்கென்று நிரந்தரமாகிவிட்டது. அண்ணன் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதாம்.

அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கார் சாவியில் ஒரு அட்டை தொங்குகிறது. ஹோட்டல் வாசலில் சாவி வாங்கும் பையன்களுக்காக ஒரு பக்கம் இங்கிலீஷில். மறுபக்கம், அடுத்த மாதம் அங்கே போகப்போகும் பெரியப்பாவுக்காகத் தமிழில்: 'பூஸ்டர் இல்லை. நீங்க ஓட்ட வேண்டாம் மாமா.'